கீமோ நடக்கும்போதே மியூச்சுவல் டைவர்ஸ் கேட்கிறார்கள், கையெழுத்துப் போடலாமா?

கயல்_உறையூர்:

வணக்கம். நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். எனக்கு 39 வயது, தனியார் பள்ளியில் டீச்சர், மகள் நாலாவது படிக்கிறாள். தை மாதம் மார்பில் கட்டி என்று போய்ப் பார்த்ததில் கேன்சர் என்று வந்தது, ஹெர்-2 பாசிட்டிவ் என்ற வகை. மாசியில் ஆபரேஷன். இப்போது கீமோ ஓடிக்கொண்டிருக்கிறது, அடுத்து ரேடியேஷன், அது போக மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஓர் ஊசியை ஒரு வருடத்துக்குப் போட வேண்டும் என்கிறார்கள். ஆபரேஷன் முடிந்து அம்மா வீட்டுக்கு வந்தவள் இங்கேயே இருக்கிறேன். அவர் சென்னையில் இருக்கிறார். முதலில் போன் குறைந்தது, அப்புறம் பணம் குறைந்தது, ஆடி பிறந்ததும் அவருடைய சித்தப்பா டைப் அடித்த மனுவோடு வீட்டுக்கே வந்துவிட்டார்.

ஆறு லட்சம் தருகிறார்களாம். பாதி இப்போது, பாதி தீர்ப்பு வந்த பிறகு. நகை பற்றிக் கேட்டால் "அதை அப்புறம் உட்கார்ந்து பேசிக்கலாம்மா" என்கிறார். மனுவோடு எழுதாத பத்திரத் தாளிலும் சில கையெழுத்து வேண்டுமாம். நீ சம்மதிக்காவிட்டாலும் கேன்சர் என்று சொன்னாலே கோர்ட் டைவர்ஸ் கொடுத்துவிடும், அப்போது ஒரு பைசா வராது என்றும் சொன்னார். இப்போது என் வைத்தியம் முழுக்க அவருடைய கம்பெனி இன்சூரன்ஸில்தான் நடக்கிறது. அது நின்றால் அம்மாவால் ஒன்றும் முடியாது, அப்பா இல்லை. பள்ளியில் சம்பளமில்லா விடுப்பில் இருக்கிறேன். எனக்கு இந்தக் கல்யாணத்தைப் பிடித்து வைத்துக்கொள்ள ஆசை இல்லை. ஆனால் ஊசி பாதியில் நிற்கக் கூடாது. என்ன செய்வது?

வழக்கறிஞர்_மதுரை:

கயல், எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். எழுதாத பத்திரத் தாளைக் கையால்கூடத் தொடாதீர்கள். குடும்ப நல நீதிமன்றத்தில் தினமும் நிற்பவன் என்பதால் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

சித்தப்பா சொன்னது பொய். இந்து திருமணச் சட்டம் 13-வது பிரிவில் என்னென்ன காரணத்துக்கு விவாகரத்து கேட்கலாம் என்று வரிசையாக இருக்கிறது. கொடுமை, கைவிட்டுப் போதல், வேறு உறவு, மதமாற்றம், தீராத மனநோய் என்று போகும். கேன்சர் அதில் கிடையாது, சிறுநீரகக் கோளாறும் கிடையாது. தொழுநோய் முன்பு இருந்தது, அதையும் 2019-ல் எடுத்துவிட்டார்கள். மனைவிக்கு உடம்பு சரியில்லை என்பது கணவருக்கு வழக்குக் காரணம் ஆகாது. அதனால்தான் உங்கள் சம்மதத்தைக் கேட்டு வீடு வரை வந்திருக்கிறார்கள். உங்கள் கையெழுத்து அவர்களுக்கு எவ்வளவு தேவை என்பதை முதலில் புரிந்துகொள்ளுங்கள்.

2015 டிசம்பரில் உச்ச நீதிமன்றத்துக்கு இதே மாதிரி ஒன்று வந்தது. மனைவிக்கு மார்பகப் புற்றுநோய், பன்னிரண்டரை லட்சம் வாங்கிக்கொண்டு பரஸ்பர சம்மத விவாகரத்துக்கு ஒப்புக்கொண்டிருந்தார். நீதிபதி எம்.ஒய். இக்பால் அமர்வு அந்தச் சம்மதத்தையே சந்தேகித்தது, வைத்தியத்துக்குப் பணம் வேண்டும் என்ற நெருக்கடியில் வந்த சம்மதமாக இருக்கலாம் என்று. மனைவியைப் பார்த்துக்கொள்வது கணவரின் கடமை என்று சொல்லி, அதில் ஐந்து லட்சத்தைச் சிகிச்சைக்காக உடனே கொடுக்கச் சொன்னார்கள். விவாகரத்தை அவர் குணமான பிறகு குடும்ப நல நீதிமன்றம் பார்த்துக்கொள்ளட்டும் என்று தள்ளி வைத்தார்கள். உங்கள் வக்கீலிடம் இந்தத் தீர்ப்பை அவசியம் சொல்லுங்கள்.

ஒரு கேள்வி. அந்த மனுவில் எப்போதிலிருந்து பிரிந்து வாழ்வதாக எழுதியிருக்கிறது?

கயல்_உறையூர்:

சார், இப்போதுதான் நிதானமாகப் படித்தேன். "கடந்த ஒன்றரை வருட காலமாக மனுதாரர்கள் கணவன் மனைவியாக வாழாமல் தனித்தனியே வசித்து வருகின்றனர்" என்று இருக்கிறது. தைப் பொங்கலுக்கு ஒன்றாகத்தான் அவர் ஊருக்குப் போனோம்.

வழக்கறிஞர்_மதுரை:

நினைத்தேன். இந்து திருமணச் சட்டம் 13பி பிரிவுப்படி மியூச்சுவல் போட வேண்டுமானால் குறைந்தது ஒரு வருடம் பிரிந்து இருந்திருக்க வேண்டும். உங்களுக்கு அந்த ஒரு வருடமே ஆகவில்லை, இன்றைக்கு அந்த மனுவைப் போடவே முடியாது. அதனால் தேதியைப் பின்னால் தள்ளியிருக்கிறார்கள். இதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. ஒன்றரை வருடம் பிரிந்திருந்தோம் என்று நீங்களே கையெழுத்துப் போட்டால், நோய் வந்தபோது அவர் உங்களோடு இல்லை, வைத்தியச் செலவுக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை என்று நீங்களே எழுதிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

சுமதி_ஸ்டாஃப்நர்ஸ்:

கயல், நான் கேன்சர் வார்டில் வேலை பார்க்கிறேன். ஆபரேஷனுக்கு முன்னால் சம்மதப் படிவத்தில் கூட இருந்தவர் கையெழுத்து வாங்கியிருப்பார்கள், "உறவு: கணவர்" என்று தேதியோடு இருக்கும். மெடிக்கல் ரெக்கார்ட்ஸ் பிரிவில் எழுதிக் கொடுத்து உங்கள் கேஸ் ஷீட் முழுவதற்கும் நகல் வாங்குங்கள். அட்மிஷன் சீட்டு, சம்மதப் படிவம், இன்சூரன்ஸ் முன் அனுமதிக் கடிதம், டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாம் வேண்டும். நோயாளியே கேட்டால் தர வேண்டிய கட்டாயம் இருக்கிறது. ஒன்றரை வருடம் என்ற பேச்சு அந்த ஒரு தாளில் அடிபட்டுப் போகும்.

அடுத்து உங்கள் டாக்டரிடம் ஒரு கடிதம் கேளுங்கள். இதுவரை ஆன செலவை மட்டும் எழுதினால் போதாது, இனி ஆகப் போவதையும் எழுத வேண்டும். மீதிக் கீமோ, ரேடியேஷன், அந்த ஊசி எத்தனை பாக்கி, ஊசிக்காலத்தில் இதயத்துக்கு எடுக்கும் எக்கோ, ஹார்மோன் மாத்திரை தேவைப்பட்டால் அது வருடக்கணக்கில் ஓடும், அதற்குப் பிறகு வருடாவருடம் மேமோகிராம். எல்லாவற்றுக்கும் தோராய மதிப்போடு லெட்டர்பேடில் வாங்கிவிடுங்கள். ஆறு லட்சம் கூடுதலா குறைவா என்பதை அந்தக் கடிதத்தை வைத்துத்தான் பேச முடியும். அது இல்லாமல் தொகை பேசவே உட்காராதீர்கள்.

அப்புறம் கீமோ போட்ட நாளிலும் அடுத்த இரண்டு மூன்று நாளிலும் யாரும் எதையும் நீட்ட விடாதீர்கள். வாந்தி, மயக்கம், ஸ்டீராய்டு ஒரு பக்கம், தூக்கம் இல்லாதது ஒரு பக்கம், அந்த நேரத்தில் சரி சரி என்று சொல்லிவிடுகிறோம். எங்கள் வார்டில் படுக்கையிலேயே இங்க் பேடு கொண்டுவந்து கைநாட்டு வாங்கப் பார்த்த சொந்தக்காரர்களை நாங்கள் வெளியே அனுப்பியிருக்கிறோம்.

தஞ்சை_செந்தில்:

எல்லோரும் வழக்கு வழக்கு என்கிறீர்கள். நான் வேறு மாதிரி சொல்கிறேன், தப்பாக எடுக்காதீர்கள். மனசு விட்டுப்போன ஆளைச் சட்டத்தால் கட்டி வைத்து என்ன ஆகப் போகிறது? வழக்கு என்று போனால் வாய்தா வாய்தா என்று நாலைந்து வருடம் இழுக்கும், உடம்பு சரியில்லாதவர் அலைய முடியுமா? கையில் வருகிற ஆறு லட்சத்தை ஏழு எட்டாகப் பேசி வாங்கிக்கொண்டு நிம்மதியாக வைத்தியத்தைப் பார்க்கலாம். மன உளைச்சலே நோயைக் கூட்டிவிடும். அந்தக் கணவர் பக்கம் என்ன என்றும் நமக்குத் தெரியாது.

சுமதி_ஸ்டாஃப்நர்ஸ்:

செந்தில் தம்பி, நிம்மதி முக்கியம்தான். ஆனால் தீர்ப்பு வந்த அன்றைக்கே இன்சூரன்ஸ் போய்விடும். அந்த ஊசி பாதியில் நின்றவர்களை நான் கண்ணால் பார்க்கிறேன். பணம் தீர்ந்து நாலு மாதம் விட்டுத் திரும்ப வருவார்கள். அதற்குப் பெயர் நிம்மதி கிடையாது.

வழக்கறிஞர்_மதுரை:

செந்தில் சொல்வதில் தாமதம் என்ற பகுதி உண்மை, அதை மறைக்க மாட்டேன். ஆனால் அந்தத் தாமதம் இப்போது யாருக்கு இடைஞ்சல்? கயலுக்கு விவாகரத்து அவசரம் இல்லை, அவருக்குத்தான் அவசரம். கயலுக்கு அவசரம் மாதாமாதம் வர வேண்டிய பணமும் இன்சூரன்ஸும். அந்த இரண்டுக்கும் இறுதித் தீர்ப்பு வரை காத்திருக்க வேண்டியதில்லை, இடைக்கால உத்தரவே போதும்.

இரண்டு வழி சொல்கிறேன். ஒன்று, குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் 2005. அடித்தால்தான் இந்தச் சட்டம் என்று பலரும் நினைக்கிறார்கள். பணத்தை நிறுத்துவது, நகையைப் பிடித்து வைப்பது எல்லாம் பொருளாதார வன்முறை என்று 3-வது பிரிவிலேயே இருக்கிறது. 20-வது பிரிவில் மருத்துவச் செலவு, வருமான இழப்பு இரண்டையும் பெயர் சொல்லியே கேட்கலாம். 23-ல் இடைக்கால உத்தரவு. இந்த மனுவைப் போட்டவுடன் யாரையும் போலீஸ் பிடித்துக்கொண்டு போகாது, அந்தப் பயம் வேண்டாம். இரண்டாவது, ஜீவனாம்சம் கேட்கும் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டப் பிரிவு 125. 2024 ஜூலையிலிருந்து அது பிஎன்எஸ்எஸ் என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 144-வது பிரிவு. ஜீவனாம்ச உத்தரவு போட்டும் கொடுக்காவிட்டால் வாரண்ட் வரை போகலாம். அவரே விவாகரத்து வழக்குப் போட்டால் இன்னும் ஒன்று கூடும், இந்து திருமணச் சட்டம் 24-வது பிரிவில் வழக்குச் செலவும் இடைக்கால ஜீவனாம்சமும் அந்த வழக்கிலேயே கேட்கலாம். நோட்டீஸ் சேர்ந்து 60 நாளுக்குள் அதை முடிக்கப் பார்க்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் கூடுதலாக ஆகும், ஆனால் ரஜ்னேஷ் எதிர் நேஹா என்ற 2020 தீர்ப்புக்குப் பிறகு மனுப் போட்ட தேதியிலிருந்தே கணக்குப் போட்டுத் தர வேண்டும். அதனால் மனுவை எவ்வளவு சீக்கிரம் போடுகிறோமோ அவ்வளவு நல்லது. அதே தீர்ப்பால் இரண்டு பேரும் சொத்து, சம்பளம், கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்தாக வேண்டும், அவருடைய உண்மையான சம்பளம் அங்கே வெளியே வந்துவிடும்.

நீங்கள் டீச்சர் என்பதால் ஜீவனாம்சம் கிடையாது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். வேலை பார்த்தவர் என்பது மட்டுமே மறுக்கக் காரணம் ஆகாது, இப்போது சம்பளமே இல்லாமல் இருக்கிறீர்கள். பள்ளியில் அதற்கு ஒரு கடிதம் வாங்கிவிடுங்கள்.

வக்கீல் பீஸ் யோசிக்கிறீர்கள் என்றால், பெண்களுக்கு இலவச சட்ட உதவிக்கு வருமான வரம்பே கிடையாது, 1987 சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டத்தின் 12-வது பிரிவு. திருச்சி நீதிமன்ற வளாகத்திலேயே மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. 15100-க்குப் போன் செய்தாலும் வழி சொல்வார்கள்.

மீனா_கோவை:

சட்ட உதவி வக்கீல்கள் அக்கறையாகப் பார்க்க மாட்டார்கள் என்று கேள்விப்பட்டேன், நிஜமா?

வழக்கறிஞர்_மதுரை:

ஆளைப் பொறுத்தது. சரியாகப் பார்க்கவில்லை என்றால் ஆணைக்குழுவில் எழுதிக் கொடுத்து வேறு வக்கீல் கேட்கலாம். காசு கொடுத்து வைத்தவரிடம்கூட அவ்வளவு சுலபமாக மாற முடியாது.

முருகேசன்_ஓய்வு:

அம்மா கயல், நான் இன்சூரன்ஸ் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். வக்கீல் தம்பி கோர்ட் பக்கம் சொல்லிவிட்டார், நான் காகிதங்கள் பக்கம் சொல்கிறேன்.

கம்பெனி குரூப் பாலிசியில் நீங்கள் "மனைவி" என்ற இடத்தில்தான் இருக்கிறீர்கள். தீர்ப்பு வந்தால் அந்த இடம் போய்விடும். தீர்ப்புக்கு முன்பேகூட, வருடாந்தரப் புதுப்பித்தலில் அவர் உங்கள் பெயரை விட்டுவிட முடியும். அதனால் பாலிசி எண், உங்கள் இ-கார்டு, புதுப்பிக்கும் தேதி மூன்றையும் இன்றைக்கே எடுத்து வையுங்கள். ஆஸ்பத்திரி இன்சூரன்ஸ் டெஸ்க்கில் எல்லாமே இருக்கும். புதுப்பிக்கும் தேதிக்குக் குறைந்தது ஒன்றரை மாதம் முன்னாடியே அந்த இன்சூரன்ஸ் கம்பெனிக்கு, குரூப்பிலிருந்து தனிநபர் பாலிசிக்கு மாற வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். புதிதாக ஒரு பாலிசி எடுக்கப் போனால் கேன்சர் என்றதும் பெரும்பாலும் கதவைச் சாத்திவிடுவார்கள். மாறுவதாக இருந்தால் ஏற்கெனவே உள்ள நோய்க்குப் பணம் கிடைக்கக் காத்திருக்க வேண்டிய காலத்தில் இதுவரை கழிந்ததற்குக் கணக்கு உண்டு. அவர்கள் மறுத்தாலும் எழுத்தில் மறுக்கட்டும். அந்தக் கடிதம் கோர்ட்டில் உங்களுக்கு உதவும், வேறு வழியே இல்லை என்பதற்கு அதுதான் சாட்சி.

கூடவே முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தையும் பாருங்கள். குடும்ப வருமானம் வருடம் 1,20,000-க்குள் இருக்க வேண்டும், ரேஷன் கார்டும் விஏஓ வருமானச் சான்றும் வேண்டும். இங்கேதான் சிக்கல் வரும், கார்டு அவர் பெயரில் சென்னை முகவரியில் இருக்குமே. உங்கள் பெயரை அதிலிருந்து எடுத்து அம்மா கார்டில் சேர்க்கும் வேலையை இப்போதே ஆரம்பித்துவிடுங்கள். கம்பெனி இன்சூரன்ஸ் இருக்கும் வரை இது தேவைப்படாமல் போகலாம். ஆனால் நின்றுபோன பிறகு கார்டுக்கு அலைய முடியாது.

இனி சொல்வதைக் கோபிக்காமல் கேளுங்கள் அம்மா. உங்களுக்குக் குணமாகும், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனாலும் உயில் எழுதிவிடுங்கள். இந்து வாரிசுரிமைச் சட்டம் 15-வது பிரிவுப்படி, உயில் இல்லாமல் போனால் ஒரு பெண்ணின் சொந்தச் சம்பாத்தியத்துக்கு முதல் வாரிசு பிள்ளைகளும் கணவரும். வழக்கு நிலுவையில் இருந்தாலும், தீர்ப்பு வராத வரை அவர் கணவர்தான், அம்மாவுக்கு ஒன்றும் வராது. மகளுக்கு வருகிற பங்கையும் மைனர் என்பதால் தகப்பனாரே நிர்வகிப்பார். யாருக்கு என்ன, மகளுக்கு 21 வயது ஆகும் வரை யார் பொறுப்பு என்று எழுதி, இரண்டு சாட்சி வைத்து, சார் பதிவாளர் ஆபீசில் பதிவும் செய்துவிடுங்கள். பதிவு கட்டாயமில்லை, ஆனால் உடம்பு சரியில்லாதபோது எழுதியது என்று பின்னால் கேள்வி வரக் கூடாது. சுயநினைவோடு இருக்கிறார் என்று டாக்டரிடம் அதே நாள் தேதியில் ஒரு சான்றும் வாங்கி இணையுங்கள்.

பிஎஃப் இருக்கிறதா? நாமினி யார்?

கயல்_உறையூர்:

பிஎஃப் இருக்கிறது ஐயா, அவர்தான் நாமினி. கல்யாணம் ஆன புதிதில் போட்டது.

முருகேசன்_ஓய்வு:

கணவரைக் குடும்பம் என்ற கணக்கிலிருந்து விலக்குகிறேன் என்று பெண் உறுப்பினர் பிஎஃப் கமிஷனருக்கு எழுத்தில் கொடுக்கலாம், திட்டத்திலேயே அதற்கு இடம் இருக்கிறது. அதைக் கொடுத்துவிட்டு மகளை நாமினி ஆக்குங்கள், மைனர் என்பதால் பாதுகாவலர் இடத்தில் அம்மா பெயரைப் போடப் பாருங்கள். டைவர்ஸ் வரும்வரை இதற்குக் காத்திருக்க வேண்டாம். ஜாயிண்ட் அக்கவுண்ட் இருந்தால் உங்கள் சம்பளம் இனி அதில் விழ வேண்டாம், தனிக் கணக்குத் திறந்து பள்ளியில் கொடுத்துவிடுங்கள்.

டயாலிசிஸ்_பிரபு:

இந்த இழையைப் படித்துக்கொண்டே இருக்கிறேன், ஒரு ஆணாக இதையும் சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது. எனக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது, செவ்வாய், வியாழன், சனி டயாலிசிஸ். வேலை போனது. மனைவிக்கு நல்ல வேலை, அவர் கொடுமை என்று சொல்லி விவாகரத்து வழக்குப் போட்டார். எல்லோரும் ஆம்பளைக்கு என்ன ஜீவனாம்சம் என்றார்கள். இந்து திருமணச் சட்டம் 24, 25 இரண்டுமே கணவன் மனைவி யாராக இருந்தாலும் வருமானம் இல்லாதவர் கேட்கலாம் என்றுதான் இருக்கிறது. நான் கேட்டேன், டயாலிசிஸ் பில்லை வைத்துக் கேட்டேன், இடைக்காலமாகக் கொஞ்சம் தரச் சொல்லி உத்தரவானது. கேட்க வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தப் பணத்தில்தான் ஆட்டோவுக்கும் மருந்துக்கும் போகிறது.

கோர்ட்டுக்கு அலைவது பற்றிச் செந்தில் கேட்டார். வாய்தா டயாலிசிஸ் நாளில் விழாமல் இருக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரி அட்டவணையோடு மெமோ போட்டோம், நீதிபதி ஏற்றுக்கொண்டு திங்கள், புதனில் போடுகிறார். நடக்கவே முடியாத நிலை என்றால் வேறு வழி உண்டு என்று வக்கீல் சொன்னார், அதை மதுரை சாரே சொல்லட்டும்.

வழக்கறிஞர்_மதுரை:

உண்டு பிரபு. உடல்நிலை காரணமாக வர முடியாதவரிடம் சாட்சியம் எடுக்க கோர்ட் ஒரு கமிஷனரை நியமிக்கலாம், சிவில் நடைமுறைச் சட்டத்தில் ஆணை 26. அவர் வீட்டுக்கோ ஆஸ்பத்திரிக்கோ வந்து பதிவு செய்துகொள்வார், எதிர் வக்கீலும் அங்கேயே குறுக்கு விசாரணை செய்யலாம். வீடியோ கான்பரன்ஸ் கேட்டும் மனுப் போடலாம். இரண்டுக்கும் மெடிக்கல் சர்டிபிகேட் இருக்க வேண்டும். அதில் வெறுமனே "ஓய்வு தேவை" என்று இருந்தால் எடுபடாது. பயணம் செய்தால் என்ன ஆகும் என்று டாக்டர் எழுதியிருக்க வேண்டும், கீமோ நடப்பவர் என்றால் வெள்ளணுக்கள் குறைந்திருக்கிறது, கூட்டத்தில் இருக்கக் கூடாது என்பது மாதிரி.

கயல், அவர் சென்னையில் வழக்குப் போட்டாலும் பயப்பட வேண்டாம். திருச்சிக்கு மாற்றக் கேட்டு உயர் நீதிமன்றத்தில் மனுப் போடலாம், உங்கள் நிலையில் கிடைக்க நல்ல வாய்ப்பு. ஆனால் இதைவிடப் பெரிய பயம் எக்ஸ்பார்ட்டி. சம்மனைச் சென்னை முகவரிக்கு அனுப்ப வைத்து, அங்கே யாரோ வாங்கி, நீங்கள் ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே ஒருதலைத் தீர்ப்பு வந்துவிடும். இ-கோர்ட்ஸ் ஆப்பில் சென்னை குடும்ப நல நீதிமன்றத்தைத் தேர்ந்து அவர் பெயர் போட்டு வாரம் ஒருமுறை பாருங்கள், தம்பி தங்கை யாராவது பார்த்தாலும் போதும். அப்படித் தீர்ப்பு ஆகிவிட்டாலும் தெரிந்தவுடன் 30 நாளுக்குள் ரத்துக் கேட்டு மனுப் போட்டுவிட வேண்டும்.

மீனா_கோவை:

வீடு யார் பெயரில் கயல்? கணவர் சொத்தில் பாதி மனைவிக்கு வரும் என்று எங்கள் அலுவலகத்தில் சொல்கிறார்கள்.

கயல்_உறையூர்:

சென்னை ஃபிளாட் அவர் பெயரில் மட்டும்தான் அக்கா. லோனில் நான் கோ-அப்ளிகண்ட். நான்கு வருடமாக இஎம்ஐயில் பாதி என் சம்பளத்திலிருந்து போனது.

வழக்கறிஞர்_மதுரை:

பாதி வரும் என்பது வேறு நாட்டுச் சட்டம் மீனா, நம் நாட்டில் கல்யாணம் ஆனதாலேயே கணவர் பெயரில் உள்ள சொத்து பாதி மனைவிக்கு வராது. குடியிருக்கும் உரிமை உண்டு, அது வேறு. மாமனார் மாமியார் பெயரில் உள்ள வீடாக இருந்தாலும் அங்கே குடித்தனம் நடத்தியிருந்தால் அந்த உரிமை கேட்கலாம் என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

கயலுக்கு இதில் இரண்டு வேலை. ஒன்று, இஎம்ஐ போன காலம் முழுக்க உங்கள் வங்கி ஸ்டேட்மென்ட், பேரத்தில் அந்தப் பணத்தைக் கணக்கில் கொண்டுவர அது வேண்டும். இரண்டு, வங்கியைப் பொறுத்தவரை டைவர்ஸ் ஆனாலும் நீங்கள் கடன்காரர்தான். அவர் கட்டாமல் விட்டால் உங்கள் சிபில் (கடன் மதிப்பெண்) கெடும், நோட்டீஸ் உங்களுக்கும் வரும். எந்த ஒப்பந்தம் போட்டாலும் லோனிலிருந்து உங்கள் பெயரை வங்கியே விடுவித்த கடிதம் வந்த பிறகுதான் கடைசிக் கையெழுத்து.

அந்த ஃபிளாட்டுக்கு வில்லங்கச் சான்று பதிவுத்துறை இணையதளத்திலேயே பார்க்கலாம், இன்றைக்குப் பாருங்கள். கணவர் தன் அம்மா பெயருக்கோ தம்பி பெயருக்கோ செட்டில்மென்ட் பத்திரம் எழுதி மாற்றிவிடுவது இந்த மாதிரி நேரத்தில் வழக்கம். எழுதவில்லை என்றால் குடும்ப வன்முறை மனுவிலேயே விற்கத் தடை கேட்டுவிடலாம்.

தஞ்சை_செந்தில்:

சரி, ஒரு கேள்வி. கடைசியில் பிரிவதுதான் முடிவு என்றால் எப்போது, எப்படிச் சம்மதிக்கலாம்? என்றைக்குமே கூடாதா?

வழக்கறிஞர்_மதுரை:

தாராளமாகச் சம்மதிக்கலாம், இது நல்ல கேள்வி. ஊசி முடிந்து, டாக்டர் இனி ஃபாலோ-அப் போதும் என்று சொல்லும் கட்டத்தில், அல்லது அதற்கு முன்பே என்றால் மீதிச் சிகிச்சைக்கான முழுப் பணமும் கயல் கணக்குக்கு வந்த பிறகு. மாதாமாதம் தருகிறேன் என்பது நோயாளிக்குப் பத்திரமில்லை, வேலை போனது என்று நிறுத்திவிடுவார், திரும்பக் கோர்ட்டுக்கு அலைய வேண்டும். கையில் வரும் மொத்தத் தொகை, நீதிபதி முன்னால் டிமாண்ட் டிராஃப்டாக. மகள் படிப்புக்குத் தனியாக அவள் பெயரில் டெபாசிட், அதை இந்தத் தொகையோடு சேர்த்துக் கணக்குக் காட்டக் கூடாது. "இனி எந்தக் காலத்திலும் எந்த உரிமையும் கோர மாட்டேன்" என்ற வரி எல்லா ஒப்பந்தத்திலும் வரும், அது மகளின் ஜீவனாம்சத்தைக் கட்டுப்படுத்தாது என்று சேர்த்து எழுதச் சொல்லுங்கள்.

முதல் மனுவுக்கும் இரண்டாவது மனுவுக்கும் நடுவில் ஆறு மாதம் இருக்கும். 2017 தீர்ப்புக்குப் பிறகு கோர்ட் அதைத் தள்ளுபடி செய்யலாம், அவர்கள் அதைக் கேட்பார்கள். நீங்கள் சேர்ந்து கேட்காதீர்கள். அந்த ஆறு மாதமும் நீங்கள் இன்சூரன்ஸில் இருப்பீர்கள். தீர்ப்பு வரும் வரை சம்மதத்தைத் திரும்பப் பெறவும் உரிமை உண்டு, 1991-லேயே உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. மிரட்டலிலோ வஞ்சகத்திலோ அழுத்தத்திலோ வாங்கிய சம்மதமா என்று பார்ப்பதும் நீதிபதியின் கடமை. கேட்கும்போது வாய் திறந்து சொல்லுங்கள், பயப்படாதீர்கள்.

சட்டப்படிப் பிரிந்து வாழ்தல் என்று இந்து திருமணச் சட்டத்தில் 10-வது பிரிவு இருக்கிறது, அதையும் யோசிக்கலாம். தனித்தனியே வாழலாம், ஆனால் மனைவி என்ற நிலை போகாது. கணவர் அரசு ஊழியராக இருக்கும் வீடுகளில் இதைக் கட்டாயம் வக்கீலிடம் பேச வேண்டும், டைவர்ஸ் ஆனால் குடும்ப ஓய்வூதியம் கிடையாது.

கிறிஸ்தவர்கள், முஸ்லிம்கள், பதிவுத் திருமணம் செய்தவர்கள் இந்தப் பிரிவு எண்களை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம், அவரவர் சட்டம் வேறு. குடும்ப வன்முறைச் சட்டமும் 144-ம் எல்லோருக்கும் பொது.

கயல்_உறையூர்:

கொஞ்ச நாளாக வர முடியவில்லை, கடைசிக் கீமோவில் காய்ச்சல் வந்து அட்மிட் ஆகிவிட்டேன். இப்போது பரவாயில்லை.

சட்ட உதவி மையத்தில் ஒரு வக்கீல் அம்மாவைக் கொடுத்தார்கள், பொறுமையாகக் கேட்டார். 2015 தீர்ப்பைச் சொன்னதும் அவருக்கே தெரிந்திருந்தது. குடும்ப வன்முறைச் சட்டத்தில் மனுப் போட்டாயிற்று, மருத்துவச் செலவு, மாதப் பணம், இன்சூரன்ஸில் பெயரை எடுக்கக் கூடாது, ஃபிளாட்டை விற்கக் கூடாது என்று எல்லாமே கேட்டிருக்கிறோம். சம்மதப் படிவத்தின் நகல் வாங்கிவிட்டேன் சுமதி அக்கா, "கணவர்" என்று போட்டு அவர் கையெழுத்தும் மாசி மாதத் தேதியும் தெளிவாக இருக்கிறது. அதைப் பார்த்ததும் அவர் பக்கத்து வக்கீல் அந்த ஒன்றரை வருட மனுவைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிட்டார். வழக்கு முடியும் வரை கம்பெனி பாலிசியில் பெயர் இருக்கும் என்று எழுதித் தருகிறோம் என்கிறார்கள், எங்கள் வக்கீல் அதைக் கோர்ட்டிலேயே பதிவு செய்ய வேண்டும் என்று நிற்கிறார்.

முருகேசன் ஐயா, உயில் பதிவு செய்துவிட்டேன். அம்மாதான் பொறுப்பாளர், அம்மாவுக்கு வயதாகிறது என்பதால் என் தங்கையை அடுத்த இடத்தில் போட்டேன். ரேஷன் கார்டு வேலை நடக்கிறது.

பாக்கி நகைதான். 42 பவுன், அவரும் மாமியாரும் சேர்ந்து வைத்திருக்கிற லாக்கரில் இருக்கிறது. கேட்டால் கடனுக்கு வைத்தாகிவிட்டது என்று ஒரு நாள் சொல்கிறார்கள், பத்திரமாக இருக்கிறது என்று இன்னொரு நாள் சொல்கிறார்கள்.

வழக்கறிஞர்_மதுரை:

நல்லது கயல், எழுதித் தருவது கோர்ட் பதிவில்தான் வர வேண்டும், உங்கள் வக்கீல் சரியாக நிற்கிறார்.

அம்மா வீட்டில் போட்ட நகை முழுக்க உங்கள் சொத்து, கணவருக்கு அதில் பங்கே கிடையாது. 2024 ஏப்ரலில் கேரளத் தம்பதி வழக்கு ஒன்றில் இதை உச்ச நீதிமன்றம் திரும்பச் சொல்லியிருக்கிறது. அதிலும் 89 பவுன், கணவர் பத்திரமாக வைக்கிறேன் என்று வாங்கி அம்மாவிடம் கொடுத்ததுதான். 25 லட்சம் கொடுக்கச் சொன்னார்கள். கடனுக்கு வைத்தாலும் திருப்பித் தரும் பொறுப்பு போகாது.

கல்யாண ஆல்பத்தில் நகை தெரியும் படங்களைத் தனியே எடுங்கள், அம்மாவிடம் நகைக்கடை பில் இருந்தால் எடுங்கள், இல்லாவிட்டால் எந்தக் கடை, எந்த வருடம், எத்தனை பவுன் என்று உருப்படி உருப்படியாக எழுதி அம்மாவைக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். குடும்ப வன்முறைச் சட்டம் 19-வது பிரிவின் 8-வது உட்பிரிவில் சீர்ப் பொருளைத் திருப்பித் தரக் கேட்கும் மனுவை இதே வழக்கில் சேர்க்கலாம். லாக்கரைக் கமிஷனர் முன்னிலையில் திறந்து பட்டியல் எடுக்கவும் தனியாக மனுப் போடச் சொல்லுங்கள். அந்த வங்கியில் லாக்கரை எந்தத் தேதியில் யார் திறந்தார்கள் என்று பதிவேடு இருக்கும், அதையும் வரவழைக்கக் கேளுங்கள். நீங்கள் அம்மா வீட்டுக்கு வந்த தேதிக்குப் பிறகு யார் போயிருக்கிறார்கள் என்று அதில் தெரிந்துவிடும். ரேடியேஷன் ஆரம்பிப்பதற்கு முன்னால் இந்த மனுவைக் கொடுத்துவிடுங்கள், ஆரம்பித்துவிட்டால் தினமும் ஆஸ்பத்திரி போக வேண்டியிருக்கும், வக்கீலிடம் உட்கார நேரம் கிடைக்காது.